காகிதத்தில் பிறந்த கணினி

என்றைக்காவது ஒருநாள் 4கே நினைவகம் கொண்ட கணினி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வேன் என்று பள்ளி மாணவன் ஒருவன் தன் அப்பாவிடம் சொன்னான். அப்பா லாக்ஹீடு நிறுவனத்துப் பொறியாளர், விலைவாசி தெரிந்தவர். அந்தக் காசுக்கு ஒரு வீடே வாங்கலாம் என்றார். அப்படியானால் வீடு வேண்டாம், வாடகைக் குடியிருப்பில் இருந்துகொள்கிறேன் என்றான் பையன். 1960களின் பிற்பாதி அது. கலிபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் வளர்ந்த அந்த மாணவனின் பெயர் ஸ்டீவ் வோஸ்னியாக்.

ஆப்பிள் நிறுவனத்தோடு சேர்த்து அவர் பெயரை இன்று உலகம் அறியும். அந்த நிறுவனம் தொடங்கிய 1976ஆம் ஆண்டுக்கு முந்தைய பத்து வருஷங்களில், யாரும் கேட்காமல், யாரும் கூலி கொடுக்காமல், தன் ஆசைக்காக அவர் செய்து பார்த்த வேலைகளை அறிந்தவர்கள் குறைவு. மேசைக் கணினியின் பூர்விகம் அந்த வேலைகளில்தான் இருக்கிறது.

சின்ன வயதிலேயே கை சும்மா இருக்காது. ஆறாம் வகுப்பில் அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கிவிட்டார். தெருவில் இருந்த சிநேகிதர்களின் அறைகளை ஒயர் இழுத்து இணைத்து, பெரியவர்கள் தூங்கிய பிறகு பேசிக்கொள்ள இன்டர்காம் அமைத்தார். எட்டாம் வகுப்பில் எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரிந்த ஒரு பலகையைச் செய்தார். நூற்றுக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்களையும் அதைவிட அதிகமான டயோடுகளையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்த வேலை. அறிவியல் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது.

குபெர்டினோவின் ஹோம்ஸ்டெட் உயர்நிலைப் பள்ளியில் ஜான் மெக்கலம் என்ற மின்னணுவியல் ஆசிரியர் இருந்தார். இந்த மாணவனுக்குத் தன் வகுப்பில் கற்றுத்தர மிச்சம் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்ட அவர், வாரம் ஒருநாள் சில்வேனியா நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்த ஐபிஎம் 1130 கணினியில் நிரல் எழுத ஏற்பாடு செய்துகொடுத்தார். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் பலகை முழுவதையும் சுற்றிவரும் வழியைத் தேட, வோஸ்னியாக் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு நிரல் எழுதினார். கணினி ஓடிக்கொண்டே இருந்தது, விடை வரவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டால், தன் முறையில் தேடி முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகக் காலம் ஆகும் என்று தெரிந்தது. இயந்திரம் எவ்வளவு வேகமானாலும் வழியை யோசித்துத்தான் அமைக்க வேண்டும் என்பது அவருக்குப் பதினேழு வயதுக்குள் புரிந்துபோனது.

அந்தக் காலத்தில்தான் காகித வேலை தொடங்கியது. மினி கணினிகளின் கையேடுகளை எங்கெங்கிருந்தோ தேடி வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கணினிகளைத் தானே வடிவமைக்கப் பார்த்தார். பிடிபி-8, வேரியன், ஹியூலெட்-பேக்கார்ட், பிறகு டேட்டா ஜெனரல் நோவா. சிப் வாங்கக் காசு கிடையாது. அதனால் ஒன்றையும் கட்டிப் பார்க்க முடியாது. வரைவது மட்டும்தான். அதே கணினியை ஒரு மாதம் கழித்துப் புதிதாக வந்த சிப்களை வைத்து மறுபடி வரைவார். போன தடவையைவிட ஒன்றிரண்டு குறைந்ததா என்று எண்ணிப் பார்ப்பார். நோவாவை வரைந்தபோது மற்றக் கணினிகளுக்கு ஆன சிப்களில் ஏறக்குறைய பாதியே போதுமானதாக இருந்தது. அதன் உள்ளமைப்பே கையில் கிடைக்கும் சிப்களுக்குப் பொருந்தும்படி எளிமையாக யோசிக்கப்பட்டிருந்ததுதான் காரணம்.

வறுமை கற்றுத்தந்த பாடம் என்று இதைச் சொல்லிவிடலாம்தான். எனினும், கையில் பொருள் இல்லாத பலரும் கனவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவர் ஒரு கணினியைப் பத்து முறை வரைந்தார். சங்கீதக்காரர்கள் விடியற்காலையில் சாதகம் செய்வதைப் போன்றது அது.

வரைந்ததைக் கட்டிப் பார்க்கும் வாய்ப்பு 1971இல் வந்தது. ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அங்கிருந்தவர்கள் கொஞ்சம் சிப்களைக் கொடுத்து உதவினார்கள். தெருவில் வசித்த பில் ஃபெர்னாண்டஸ் என்ற இளைஞரின் வீட்டுக் கார் கொட்டகையில் இருவரும் உட்கார்ந்து பற்றவைத்தார்கள். தாகம் எடுத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் கிரீம் சோடா வாங்கி வருவார்கள். அதனால் அந்தக் கணினிக்கு ‘கிரீம் சோடா கணினி’ என்றே பெயர் விழுந்தது. நினைவகம் 256 பைட். திரை இல்லை, விசைப்பலகை இல்லை. சுவிட்சைத் தள்ளி 0, 1 என்று உள்ளே அனுப்ப வேண்டும், எரியும் விளக்குகளைப் பார்த்து விடையைப் படிக்க வேண்டும். இதைப் பார்க்க வந்த பத்திரிகையாளர் ஒருவர் கால் தவறி மின் ஒயரை மிதித்துவிட, உள்ளே எல்லாம் புகைந்துபோனது. அவ்வளவுதான் அதன் ஆயுள். அது இரண்டு விஷயங்களை மிச்சம் வைத்துவிட்டுப் போனது. ஒன்று, வோஸ்னியாக்கை ஸ்டீவ் ஜாப்ஸுக்கு அறிமுகப்படுத்தி வைத்தவர் இந்த ஃபெர்னாண்டஸ்தான். இன்னொன்று, விளக்கும் சுவிட்சும் மட்டும் உள்ள கணினியைத் தன் கையால் கட்டி முடித்துவிட்டதால், அந்த வகையின் மேல் வோஸ்னியாக்குக்கு இருந்த மயக்கம் அப்போதே தீர்ந்துபோயிற்று. இந்த இரண்டாவது விஷயத்தின் பலன் நான்கு வருஷம் கழித்துத் தெரியவந்தது.

அதே 1971 அக்டோபரில் எஸ்குவயர் இதழில் ரான் ரோசன்பாம் எழுதிய ஒரு கட்டுரை வந்தது. 2600 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொலைபேசிக்குள் ஊதி, நீண்ட தூர இணைப்பைத் தன்வசமாக்கும் ‘நீலப் பெட்டி’ பற்றியது. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்றும் பாராமல் வோஸ்னியாக்கும் ஜாப்ஸும் ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையத்தின் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த தொழில்நுட்பப் புத்தகத்தில் அந்த ஒலிகளின் முழுப் பட்டியலைக் கண்டுபிடித்தார்கள். முதலில் செய்த பெட்டியில் சுருதி நிற்கவில்லை. பிறகு படிகத்தால் இயங்கும் டிஜிட்டல் பெட்டியை வோஸ்னியாக் வடிவமைத்தார். அதில் சுருதி பிசகவில்லை. பெர்க்லி விடுதிகளில் அதை 150 டாலருக்கு விற்றார்கள். சட்டத்துக்குப் புறம்பான பொருள் அது. ஆனாலும் வோஸ்னியாக் வரைவதும் ஜாப்ஸ் விற்பதுமான கூட்டு அங்கேதான் முதலில் உருவானது.

1973 ஜனவரியில் ஹியூலெட்-பேக்கார்டில் கால்குலேட்டர் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. அந்த நிறுவனத்தின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பொறியாளர்கள் தங்கள் சொந்த வேலைகளுக்கும் ஆய்வகத்து உதிரிகளை எடுத்துக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. ஒரு வார இறுதியில் உதிரிகள் அறை பூட்டிக் கிடப்பதைப் பார்த்த நிறுவனர் பில் ஹியூலெட், பூட்டைத் தானே அறுத்துப் போட்டுவிட்டு, இனிமேல் இதைப் பூட்டக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார் என்று அவருடைய கூட்டாளி டேவிட் பேக்கார்டு பதிவுசெய்திருக்கிறார். பகலில் நிறுவனத்துக்கு உழைத்தவர்கள் இரவில் அதே மேசையில் தங்கள் ஆசைக்கு உழைத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது முளைத்த பலவற்றுக்கு இந்தத் திறந்த கதவு எரு போட்டது என்றே சொல்ல வேண்டும்.

வோஸ்னியாக்கின் இரவுகள் நிரம்பி வழிந்தன. தொலைபேசியில் அழைத்தால் நகைச்சுவைத் துணுக்கு சொல்லும் சேவை ஒன்றை வீட்டிலிருந்தே நடத்தினார். ஒரு பவுலிங் கூடத்தில் ‘பாங்’ விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து, 28 சிப்பில் தனக்கென்று ஒன்றைச் செய்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டினார். அர்ப்பாநெட் என்ற கணினி வலையில் தொலைவிலுள்ள கணினிகளோடு பேச முடியும் என்று அறிந்ததும், தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாக்கி, விசைப்பலகை சேர்த்து ஒரு முனையம் கட்டினார். இந்த முனையத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1975 ஜனவரியில் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது. ஆல்புகர்க்கி நகரத்து மிட்ஸ் நிறுவனம் 397 டாலருக்கு உதிரிகளாக விற்ற கணினி அது. வாங்குகிறவர்தான் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பார்த்துச் சிலிர்த்துப்போனவர்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம். அமைதி இயக்கத்துக்காரரான ஃபிரெட் மூரும் பொறியாளர் கார்டன் ஃபிரெஞ்சும் சேர்ந்து துண்டறிக்கை ஒட்டி ஆட்களைக் கூப்பிட்டார்கள். 1975 மார்ச் 5, மழை பெய்த ஒரு புதன்கிழமை இரவு, மென்லோ பார்க்கில் ஃபிரெஞ்சின் கார் கொட்டகையில் 32 பேர் கூடினார்கள். ஹோம்புரூ கணினிக் கழகம் அப்படித்தான் பிறந்தது.

சிநேகிதர் ஆலன் பாம் சொல்லி வோஸ்னியாக்கும் போயிருந்தார். தொலைக்காட்சி முனையம் பற்றிய கூட்டம் என்று நினைத்துத்தான் போனார். அங்கே எல்லோரும் ஆல்டேர், நுண்செயலி என்று பேச, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூச்ச சுபாவம் வேறு. ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது கொடுத்த நுண்செயலி விவரத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஆச்சரியம். அதில் இருந்த கட்டளைகள் எல்லாம் பள்ளிப் பருவத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்த அதே மினி கணினிகளின் கட்டளைகள் மாதிரியே இருந்தன. வீட்டு விலைக்கு விற்ற ஒன்று இப்போது ஒற்றைச் சிப்பாகச் சுருங்கிவிட்டது! அன்றிரவே காகிதத்தில் வரையத் தொடங்கிவிட்டார்.

கிரீம் சோடா கணினியின் பலன் இங்கேதான் தெரிகிறது. கழகத்தில் பெரும்பாலோர் ஆல்டேரின் விளக்கையும் சுவிட்சையும் பார்த்து மெய்மறந்திருந்தார்கள். வோஸ்னியாக்குக்கு அது நான்கு வருஷம் முன்பே கடந்துவந்த கட்டம். தட்டினால் எழுத்து திரையில் விழ வேண்டும் என்பதே அவர் ஆசை. முனையம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு செயலியைக் கொண்டுவந்து வைத்தால் போதும்.

எந்தச் செயலி என்பதைக் காசு தீர்மானித்தது. இன்டெல் 8080 அவர் சம்பளத்துக்கு எட்டாது. 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் கண்காட்சியின்போது மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 6502 என்ற புதிய செயலியைச் சில்லறையாகவே விற்றது. கண்காட்சி அரங்குக்குள் விற்க அனுமதி இல்லாததால் ஓட்டல் அறை ஒன்றில் கண்ணாடி ஜாடிகளில் போட்டு, மிட்டாய் விற்பது மாதிரி விற்றார்கள். 25 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கிவந்தார் வோஸ்னியாக்.

நினைவகத்திலும் அதே கணக்குத்தான். மற்றவர்கள் ஸ்டாட்டிக் வகைச் சிப்களைப் பயன்படுத்தினார்கள். எளிது, ஆனால் அன்றைய 1கே சிப்களில் 4 கிலோபைட் சேர்க்க 32 சிப் வேண்டும். டைனமிக் வகையில் எட்டே போதும். என்ன, அவை ஓட்டைப் பானை மாதிரி. ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்காவிட்டால் உள்ளே இருப்பது வற்றிவிடும். அப்படி நிரப்பும் சுற்றையும் சேர்த்து வடிவமைக்கும் சிரமத்தை ஏற்றுக்கொண்டு அவர் எட்டைத் தேர்ந்தெடுத்தார். கணினி விழித்தவுடன் விசைப்பலகைக்குக் காதுகொடுக்கும் சிறிய கண்காணிப்பு நிரலை 256 பைட்டுக்குள் எழுதி முடித்தார்.

பிறகு பேசிக் என்ற நிரல் மொழி. 6502 செயலிக்கு முதலில் பேசிக் எழுதுகிறவராக இருக்க வேண்டும் என்று ஆசை. எழுதிய கட்டளைகளை இயந்திர மொழிக்கு மாற்றித்தரும் அசெம்பிளர் வேண்டுமானால் பெரிய கணினியில் மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும், அதற்கும் வழியில்லை. காகிதத்தின் ஒரு பக்கம் கட்டளையையும் மறுபக்கம் அதற்குரிய எண்களையும் தன் கையாலேயே எழுதினார். ஆயிரக்கணக்கான பைட்டுகள். நடுவில் ஒரு வரி சேர்த்தால் அதற்குக் கீழே உள்ள முகவரிகள் எல்லாம் தள்ளிப்போகும். தாவல்களைக் கையாலேயே திருத்த வேண்டும். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று தசம எண்களை விட்டுவிட்டு முழு எண்களோடு நிறுத்திக்கொண்டார். இணைய வசதியோடு நிரல் எழுதும் இன்றைய இளைஞர்கள் அந்தக் கையெழுத்துப் பிரதியின் படத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

கழகம் இதற்குள் கார் கொட்டகையை விட்டு வளர்ந்து, ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையத்தின் அரங்குக்கு இடம் மாறியிருந்தது. நீலப் பெட்டிக்காக வோஸ்னியாக் நூலகம் தேடிப்போன அதே வளாகம். லீ ஃபெல்சன்ஸ்டைன் கையில் குச்சியோடு கூட்டத்தை நடத்துவார். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று எல்லோரும் எழுந்து சொல்வார்கள்; பிறகு கும்பல் கும்பலாகப் பிரிந்து பேசுவார்கள். முதல் சில வாரங்களிலேயே ஸ்டீவ் டாம்பியர் என்பவர் ஆல்டேரின் மேல் சிறிய ரேடியோவை வைத்து, கணினியின் மின்னிரைச்சலையே மெட்டாக்கிப் பாட்டு இசைக்க வைத்திருந்தார். பேச்சுக்கே துணியாத வோஸ்னியாக், தொலைக்காட்சிப் பெட்டியும் போர்டும் கொண்டுவந்து பின்பக்கம் மேசையில் வைத்துவிட்டு நிற்பார். ஆட்கள் தாமாக வந்து சூழ்ந்துகொள்வார்கள். வரைபடத்தை நகலெடுத்து எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். கட்டத் தெரியாதவர்களின் வீட்டுக்கே போய் உதவியும் செய்தார்.

கொடுப்பதும் வாங்குவதும் அங்கே வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தின் மேல் ஒரு கேள்வியும் விழுந்தது. ஆல்டேருக்கு பேசிக் எழுதி விற்ற பில் கேட்ஸ், அந்த நிரலின் நாடாவைக் கழகத்தார் நகலெடுத்துப் பரப்புவதைக் கண்டித்து 1976 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதினார். உழைத்தவருக்குக் கூலி கிடைக்காவிட்டால் நல்ல நிரலை யார் எழுதுவார்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. தன் உழைப்பைத் தானே விரும்பித் தானமாகக் கொடுப்பது வேறு, அடுத்தவர் உழைப்பை எடுத்து வழங்குவது வேறு. வோஸ்னியாக் செய்தது முதல் வகை. அவர் தன் பேசிக்குக்கும் விலை வைக்கவில்லை.

வரைபடம் கிடைத்தாலும் எல்லோராலும் பற்றவைத்து முடிக்க முடியவில்லை என்பதைக் கவனித்தவர் ஜாப்ஸ். அச்சிட்ட சர்க்யூட் போர்டாகச் செய்தால் 20 டாலர் செலவாகும், 40க்கு விற்கலாம் என்றார். முதலுக்காக வோஸ்னியாக் தன் எச்பி-65 கால்குலேட்டரையும் ஜாப்ஸ் தன் வோல்க்ஸ்வேகன் வேனையும் விற்றார்கள். வேலை கொடுத்த நிறுவனத்துக்கு வஞ்சகம் செய்யக் கூடாது என்று, வோஸ்னியாக் முதலில் தன் வடிவமைப்பை ஹியூலெட்-பேக்கார்டிடமே கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். மவுண்டன் வியூவில் பைட் ஷாப் நடத்திய பால் டெரல், முழுதாகப் பொருத்திய போர்டு 50 வேண்டும், ஒன்றுக்கு 500 டாலர் என்றார். ஆப்பிள் 1 இப்படித்தான் சரக்கானது. கடை விலை 666.66 டாலர். மொத்தம் செய்தது சுமார் 200.

ஆப்பிள் 2 உருவான காரணம் இன்னும் ரசமானது. அடாரி நிறுவனத்துக்காக ‘பிரேக்அவுட்’ விளையாட்டை நான்கு இரவுகளில் சிப்களைக் கொண்டு வடிவமைத்துக் கொடுத்திருந்தார் வோஸ்னியாக். அந்தக் காலத்தில் விளையாட்டு என்றால் ஒயரும் சிப்பும்தான்; நிரல் கிடையாது. அதே பிரேக்அவுட்டைத் தன் பேசிக் மொழியில் எழுதிக் கழகத்தில் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காக நிறம் சேர்த்தார். பந்து மோதும் சத்தத்துக்கு ஒலிபெருக்கி சேர்த்தார். மட்டையை நகர்த்தக் கைப்பிடி சேர்த்தார். பேசிக்கிலும் அவற்றுக்கான கட்டளைகளைச் சேர்த்தார். அரை மணி நேரத்தில் விளையாட்டு தயார். ஒயரில் மாதக்கணக்கில் ஆகும் மாற்றத்தை ஒரு எண்ணை மாற்றிச் செய்ய முடிந்ததைப் பார்த்து, படைத்தவரே உடல் நடுங்கிப்போனதாகச் சொல்லியிருக்கிறார்.

நிறம் வந்த விதம் தனி விந்தை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிறம் என்பது நொடிக்குச் சுமார் 35.8 லட்சம் முறை துடிக்கும் ஓர் அலை. அந்த அலை எவ்வளவு முன்னே பின்னே நகர்கிறது என்பதை வைத்துப் பெட்டி நிறத்தைத் தீர்மானிக்கிறது. முறையாக அந்த அலையை உண்டாக்கத் தனிச் சுற்றுகள் வேண்டும். நான்கு பிட்களை அதே வேகத்தில் சுழலவிட்டால் தொலைக்காட்சி அதை நிறமென்றே நம்பிவிடும் என்று கண்டார் வோஸ்னியாக். அடாரியில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்த இரவுகளில் தோன்றிய யோசனை அது. நினைவகத்தைச் செயலியும் திரையும் ஒரு துடிப்பின் இரு பாதிகளில் மாறிமாறிப் படிக்கும்படி அமைத்தார். திரை படிக்கும்போதே அந்த ஓட்டைப் பானையும் தானாக நிரம்பிக்கொண்டது. நிரப்புவதற்கென்று தனிச் சுற்று தேவைப்படவில்லை.

1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் மேற்குக் கரைக் கணினிக் கண்காட்சியில் ஆப்பிள் 2 வெளிவந்தது. 4 கிலோபைட் நினைவகத்தோடு 1,298 டாலர். கூடுதல் அட்டைகள் செருக எட்டு இடங்கள். இரண்டு போதும் என்றார் ஜாப்ஸ். எட்டு இல்லாவிட்டால் வேறு கணினி பார்த்துக்கொள் என்று, யாரிடமும் சண்டை போடாத வோஸ்னியாக் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கழகத்தில் தன்னைச் சூழ்ந்து நின்றவர்கள் எதையெல்லாம் செருகிப் பார்க்க ஆசைப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்த எட்டில் ஒன்றில் அவரே அடுத்து ஒரு அட்டையைச் செருகினார். கேசட்டிலிருந்து நிரல் ஏற நேரமாகிறது, ஃபிளாப்பி வேண்டும் என்று நிறுவனத்தின் பங்காளி மைக் மார்க்குலா கேட்டார். 1978 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சி. காட்டப் பொருள் இருந்தால் தானும் போகலாம், அந்த ஊரைப் பார்த்ததே இல்லை என்பது வோஸ்னியாக்கின் ஆசை. ஃபிளாப்பி இயக்கியின் சுற்றை அதற்குமுன் அவர் வடிவமைத்ததில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ராண்டி விகிண்டன் என்ற இளைஞரோடு உட்கார்ந்து, ஷுகார்ட் இயக்கியின் மின்சுற்றில் தேவையில்லாதவற்றையெல்லாம் கழற்றி எறிந்து, எட்டு சிப்பில் கட்டுப்பாட்டு அட்டையை முடித்தார். மற்றவர்களின் அட்டைகளில் சிப்கள் பல மடங்கு. போர்டின் தடங்களையும் இரவிரவாகத் தானே வரைந்தார். வரைந்து முடித்த பிறகு, சில துளைகளைக் குறைக்க வழி இருப்பது கண்ணில் பட்டது. வாங்குகிறவர் யாரும் அதை எண்ணிப் பார்க்கப் போவதில்லை. இருந்தும் முதலிலிருந்து மறுபடி வரைந்தார்.

ஹோம்புரூ கழகம் 1986 டிசம்பரில் கடைசியாகக் கூடியது. ஆப்பிள் 1 போர்டு ஒன்றை 2014இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அவ்வளவு காசு இல்லாதவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். ஆப்பிள் 1 கையேட்டின் பக்கங்களில் முழு வரைபடமும் அந்த 256 பைட் நிரலும் ஒரு வரி விடாமல் அச்சாகியிருக்கின்றன. அதை விரித்துவைத்துக்கொண்டு, பழைய சிப்களைத் தேடிப் பிடித்து, இன்றும் தங்கள் மேசையில் ஆப்பிள் 1ஐப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.